ஏக்னஸ் மார்ட்டினின் கட்டங்கள்: மனச்சிதைவும் சமநிலையும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த உருவத்தையும் காட்டாத அரூப ஓவியத்தையும் மனித மனத்தையும் சேர்த்துப் பேசுகிறவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. கலங்கிய மனத்திலிருந்து கலங்கிய ஓவியமும் தெளிந்த மனத்திலிருந்து தெளிந்த ஓவியமும் பிறக்கும் என்பது ஒன்று. வரைவதே மருந்து, வரைந்தால் மனம் ஆறிவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒருசேர உரசிப் பார்க்க ஏற்றது ஏக்னஸ் மார்ட்டின் என்ற அமெரிக்க ஓவியரின் வாழ்வும் பணியும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், பென்சில் கோடுகளாலான கட்டங்களையும் வெளிறிய பட்டைகளையும் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் மிக அமைதியான ஓவியங்கள் என்று பலரும் கருதும் ஓவியங்களை வரைந்தார். நோய் அந்த அமைதியைத் தரவில்லை. அந்த அமைதி நோயைக் குணப்படுத்தவும் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இந்த ஆய்வுக்கு அவர் பொருத்தமானவர் என்பதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. அவரது நோய் மருத்துவமனையில் கண்டறியப்பட்ட ஒன்று. பிற்கால விமர்சகர்களின் ஊகமன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே திசையில் இயங்கிய படைப்புகள் அருங்காட்சியகங்களில் பார்க்கக் கிடைக்கின்றன. தம் ஓவியம் உணர்வைப் பற்றியது என்று அவரே திரும்பத் திரும்பப் பேசியும் எழுதியும் இருக்கிறார். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து அமைவது அரிது.

பின்னணி

1912ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தில் மாக்லின் என்ற சிற்றூரில், கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாய்க் கிடக்கும் பகுதியில், மார்ட்டின் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாய் கண்டிப்பானவர், பேசாமலிருப்பதையே தண்டனையாகக் கையாண்டவர் என்று மார்ட்டின் முதுமையில் நினைவுகூர்ந்ததுண்டு, ஆயினும் ஒழுங்கைக் கற்றது அத்தாயிடம்தான் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். வான்கூவரில் வளர்ந்து, 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளிகளில் கற்பித்து, இடையிடையே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் படித்து 1942இல் இளநிலைப் பட்டமும் 1952இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திலும் சில காலம் பயின்றார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1950இல்.

முழுநேர ஓவியராகப் பெயர் பெற்றபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நியூ மெக்சிகோவின் டௌஸ் நகரில் இருந்த மார்ட்டினை, நியூயார்க்கில் காட்சிக்கூடம் நடத்திய பெட்டி பார்சன்ஸ் 1957இல் நியூயார்க்குக்கு வரவழைத்தார். 1958இல் முதல் தனிக்காட்சி நடந்தது. மன்ஹாட்டனின் தென்முனையில் கோயன்டீஸ் ஸ்லிப் என்ற பழைய துறைமுகத் தெருவில், ஒருகாலத்தில் கப்பல் பாய்கள் தைத்த மாடியறைகளில், எல்ஸ்வொர்த் கெல்லி, ராபர்ட் இண்டியானா, நெசவுக் கலைஞரான லெனோர் டானி ஆகியோர் அவருக்கு அண்டைவீட்டார். முன்பு வரைந்த ஓவியங்களில் கைக்கு எட்டியவற்றையெல்லாம் தேடித் தேடி அழித்தார். ஒரு கலைஞர் தம் இளமைக்கால முயற்சிகளை இப்படி ஒழித்துக்கட்டுவதை மனநோயின் அறிகுறியாக வாசித்தவர்கள் உண்டு. அது கறாரான தரக்கட்டுப்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் வாழ்நாள் முழுவதும், நல்ல மனநிலையில் இருந்த காலங்களிலும், அளவு தவறிய கித்தான்களை (ஓவியத் துணிகளை) அவர் கத்தியால் கிழித்தே வந்திருக்கிறார்.

நோயின் தடம்

1960களின் தொடக்கத்தில் மார்ட்டினுக்கு மனச்சிதைவு, அதிலும் ஐயப்பிறழ்வு வகை, இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அவர் காதில் குரல்கள் கேட்டன. சுற்றியிருப்பதை மறந்து சிலையாய் உறைந்துபோகும் வேளைகளும், தாம் யார் என்பதே தெரியாமல் தெருவில் அலைந்த வேளைகளும் இருந்தன. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மின்னதிர்ச்சி சிகிச்சையும் பெற்றார். நண்பர்கள்தாம் அவரை அங்கிருந்து மீட்டு, தக்க மருத்துவரிடம் ஒப்படைத்தார்கள். பிற்காலத்தில் நியூ மெக்சிகோவில் மருந்தும் பேச்சு சிகிச்சையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. குரல்கள் முற்றாக ஓய்ந்ததாகச் சான்றில்லை. சில வேளை மிரட்டியும் சில வேளை காத்தும் அவை அவரது அன்றாடத்தில் தலையிட்டுக்கொண்டே இருந்தன என்றே அவரை நெருங்கி அறிந்தவர்களின் குறிப்புகள் சொல்கின்றன.

அந்தக் குறிப்புகளில் ஒன்று இந்த ஆய்வுக்கு மையமானது. குரல்கள் எதை எதையோ கட்டளையிட்டனவே தவிர, என்ன வரைய வேண்டும் என்று சொன்னதில்லை. ஓவியத்துக்கான உருவம் அவருக்கு வேறு வழியில் வந்தது: ஒரு நாற்காலியில் அமர்ந்து மனத்தைக் காலியாக்கிக் காத்திருப்பார், தபால்தலை அளவில் ஒரு சிறு படம் கண்ணுக்குள் தோன்றும். அதை 'அகத்தூண்டல்' என்று அவர் அழைத்தார். கேட்காமல் வந்து விழும் குரலையும், காத்திருந்து பெறும் படத்தையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. உளவியல் கண்ணோடு பார்த்தால் இது சாதாரண விஷயமன்று. தம் மனத்தில் எழும் நிகழ்வுகளில் எதற்குக் கீழ்ப்படிவது, எதைப் பொறுத்துக்கொண்டு கடப்பது என்று வகைபிரித்துக்கொள்ளும் ஆற்றல் நோய்க்கு நடுவிலும் அவரிடம் இருந்தது. 'பித்து பிடித்தவரின் தரிசனம்' என்ற பழைய கதையாடல் இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உயிரோடிருந்தவரை நோயைப் பற்றி அவர் வெளியில் பேசவில்லை, நண்பர்களும் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். 2004இல் அவர் இறந்த பிறகே அது பரவலாக எழுதப்பட்டது. முன்பு அதே ஓவியங்களில் ஜென் பௌத்தத்தையும் தாவோ மரபையும் பாலைவன வெளியையும் கண்ட விமர்சனம், பின்பு நோயையும் தற்காப்பையும் காணத் தொடங்கியது. கட்டங்களைச் சிறைக்கம்பிகளாகவும், சிதறும் மனத்துக்கு அவர் இட்ட வேலியாகவும் விளக்கினார்கள். ஓவியங்களில் ஒரு கோடுகூட மாறவில்லை. பார்க்கிறவரின் கையிலிருந்த வாழ்க்கைக் குறிப்புதான் மாறியது. மனநிலையை ஓவியத்திலிருந்து நேராகப் படித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த மாற்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓவியம் உருவாகும் முறை

தபால்தலை அளவில் தோன்றிய படம் ஆறடிச் சதுரக் கித்தானுக்கு வர வேண்டும். அதற்கு இடைப்பட்ட வேலை முழுவதும் கணக்கு. தாளில் கூட்டல், வகுத்தல், பின்னங்கள். பட்டைக்கு எத்தனை அங்குலம், இடைவெளிக்கு எத்தனை, ஓரத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்று எழுதி எழுதி அடித்த தாள்கள் சில இன்றும் எஞ்சியிருக்கின்றன. மனத்தில் கண்ட விகிதம் பெரிய அளவில் கெட்டுவிடாமல் இருக்கவேண்டும் என்பதே அந்தக் கணக்கின் நோக்கம். கணக்கு சரியாக இருந்தும் ஓவியம் தவறிவிடுவதுண்டு. அப்போது கித்தான் கத்திக்கு இரையாகும்.

கித்தான்மீது ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு. அதன்மேல் தொடக்கத்தில் மெல்லிய எண்ணெய் வண்ணம், பின்னர் நீர்த்த அக்ரிலிக். அதன்மேல் பென்சில் கோடுகள். கோடு போடும் விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். இழுத்துக் கட்டிய ஆறடித் துணியின் நடுப்பகுதி கை அழுத்தத்துக்கு உள்வாங்கும் என்பதால், நீண்ட மட்டக்கோல் ஒன்றை வைத்து ஒரே இழுப்பில் கோடு போட முடியாது. குட்டையான அளவுகோலை வைத்துக் கொஞ்சம் இழுத்து, நகர்த்தி, மீண்டும் இழுத்து, இப்படியே ஒரு கோட்டை முடித்திருக்கிறார். அளவுகோல் நகர்ந்த இடங்களில் கோட்டின் அழுத்தம் இம்மியளவு கூடியோ குறைந்தோ இருக்கும். பென்சில் முனை துணியின் நூல்மேடுகளை மட்டும் தொட்டு, பள்ளங்களைத் தாண்டிப் போவதால், தொலைவிலிருந்து நேர்கோடாகத் தெரிவது பக்கத்தில் வரிசையான புள்ளிகளாகப் பிரிந்துவிடும். பல ஓவியங்களில் கோடு ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அதனால் கட்டம் சட்டத்துக்குள் அடைபட்டதாகத் தோன்றாமல் மிதக்கிறது. சிறைக்கம்பி என்று எழுதியவர்கள் இந்த ஓரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலும்.

1964இல் வரைந்த 'மரம்' நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரம் எதுவும் அதில் இல்லை. வெண்ணிறப் பரப்பில் நெருக்கமான செங்குத்துக் கோடுகள் நிறைந்த பட்டைகளும் வெறுமையான பட்டைகளும் மாறி மாறி வருகின்றன, அவ்வளவே. முதன்முதலாகக் கட்டம் மனத்தில் தோன்றியபோது மரங்களின் களங்கமின்மையை நினைத்துக்கொண்டிருந்ததாக மார்ட்டின் ஒரு நேர்காணலில் சொன்னார். மரத்தை நினைத்தபோது எழுந்த உணர்வுக்கு இணையான ஒன்றைப் பார்ப்பவரிடம் எழுப்புவது அவரது எண்ணம். மரத்தின் உருவத்தைச் சுருக்கி எழுதுவதன்று. ஆகவேதான், கணக்கும் ஒழுங்கும் கொண்ட இவ்வோவியங்களை 1966இல் குகன்ஹைம் அருங்காட்சியகமும் டுவான் காட்சிக்கூடமும் எளிய வடிவங்களோடு நின்றுவிடும் மினிமலிசக் கலைஞர்களின் படைப்புகளோடு சேர்த்துக் காட்டியபோதிலும், தம்மை அரூப வெளிப்பாட்டியலாளர், அதாவது உணர்வை அரூபமாக வெளிப்படுத்துகிறவர், என்றே அவர் சொல்லிக்கொண்டார். அந்த இயக்கத்தின் ஓவியரான ஜாக்சன் பொல்லாக் பிறந்த ஆண்டில் பிறந்தவர் அவர். அதே இயக்கத்தின் மார்க் ராத்கோவையும் பார்னெட் நியூமனையும் மதித்தவர். இசை எந்தப் பொருளையும் சுட்டாமல் உணர்வைத் தொடுவதுபோல ஓவியமும் தொட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

சமநிலை என்று நாம் சொல்வது அவரிடம் எப்படி அமைகிறது என்பதற்குச் சதுரத்தைப் பற்றி அவர் தந்த விளக்கமே நல்ல சான்று. கித்தான் சதுரம், ஆனால் உள்ளே இருக்கும் கட்டங்கள் முழுச் சதுரங்களாக இருப்பதில்லை, சற்றே நீண்ட செவ்வகங்கள். சதுரத்தைச் செவ்வகங்களால் நிரப்பும்போது சதுரத்தின் கனம் குறைந்து அதன் அதிகாரம் அழிகிறது என்று அவர் எழுதினார். சதுரத்துக்குள் சதுரங்களை அடுக்கியிருந்தால் கிடைத்திருப்பது அசையாத சமச்சீர். இரண்டு ஒழுங்குகளை ஒன்றோடொன்று லேசாக முரண்பட வைத்து, ஒன்று மற்றொன்றை மேலோங்க விடாமல் நிறுத்துவது வேறு காரியம். பதற்றம் அங்கே இருக்கத்தான் செய்கிறது, அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. மனநலத்திலும் சமநிலை என்பதைச் சலனமற்ற நிலை என்று பொருள்கொள்வது பெரும்பிழை என்று மருத்துவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் அந்த ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட நான் தயங்குகிறேன்.

ஏழாண்டு மௌனம்

1967இல் மார்ட்டின் வரைவதை நிறுத்தினார். தூரிகைகளையும் கித்தான்களையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு, சரக்குந்து ஒன்றோடு கனடாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் அலைந்தார். 1968இல் நியூ மெக்சிகோவில், கியூபா என்ற சிற்றூரை அடுத்த ஒரு மேட்டுநிலத்தில் இடம்பிடித்தார். மின்சாரமில்லை, குழாய்நீரில்லை, பக்கத்தில் வீடுமில்லை. பச்சைக்கல் அறுத்து உலர்த்தித் தாமே வீடு கட்டினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

இதை நோயின் விளைவு என்று ஒற்றை வரியில் முடிப்பது எளிது. அந்த ஆண்டில் நடந்தவற்றை அடுக்கிப் பார்த்தால் படம் வேறாகிறது. நெருங்கிய நண்பரும், கறுப்பு ஓவியங்களால் அறியப்பட்டவருமான ஆட் ரைன்ஹார்ட் ஆகஸ்ட் மாதம் இறந்தார். மார்ட்டின் குடியிருந்து வரைந்த கட்டடம் இடிக்கப்படவிருந்தது. புகழ் வந்தது, அதோடு அவருக்கு ஒவ்வாத கூட்டமும் வந்தது. முந்தைய ஆண்டுகளில் மருத்துவமனைவாசம் நேர்ந்திருந்தது. அரசுக் கலைநிதியிலிருந்து கையில் கொஞ்சம் பணமும் கிடைத்திருந்தது. விலகிப்போக விரும்பிய ஒருவருக்கு விலகிப்போக வசதி வாய்த்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரைவதே மருந்து என்ற இரண்டாம் நம்பிக்கைக்கு இந்த மௌனம் கடுமையான சோதனை. வரையாமல் இருந்த ஆண்டுகளில் அவர் நிலைகுலைந்து போனதாகத் தெரியவில்லை. மாறாக, கல் அடுக்கி, விறகு வெட்டி, வானிலையோடு போராடி வாழ்ந்த காலத்தில்தான், கலங்காத மனம் என்பதைப் பற்றிய அவரது புகழ்பெற்ற உரைக்குறிப்புகள் 1972இல் பதிவாயின. அகந்தையே மனத்தைக் கலக்குவது, அது விலகினால் அமைதி தானாகவே இருக்கிறது என்ற எண்ணம் அக்குறிப்புகளில் ஓடுகிறது. 1973இல் 'ஒரு தெளிந்த நாளில்' என்ற தலைப்பில் முப்பது திரை அச்சுகள் வெளியாயின. கைக்கோட்டின் நடுக்கம் வேண்டாம், கோடு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கேட்டு அவற்றை அச்சிடச் செய்தார். எப்போது நடுக்கம் வேண்டும், எப்போது வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டில் பிலடெல்பியாவில் அவரது படைப்புகளின் பெருங்காட்சி நடந்தது. 1974இல் மீண்டும் தூரிகை எடுத்தார். 1975இல் பேஸ் காட்சிக்கூடத்தில் புதிய ஓவியங்கள் வந்தன. அந்தக் கூடத்தை நடத்திய ஆர்ன் கிலிம்ச்சர் அவருக்கு இறுதிவரை துணையாக இருந்தார்.

திரும்பி வந்தபோது கட்டம் போய்ப் பட்டை வந்திருந்தது. வெளிறிய இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள். பட்டையைச் செங்குத்தாக வைத்து வண்ணத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பூசிய பின், கித்தானைத் திருப்பிக் கிடைமட்டமாகத் தொங்கவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. நிறத்தை வைத்து மனத்தைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்துபோவார்கள்: நீலம் அமைதி தரும், இளஞ்சிவப்பு அன்பைத் தரும் என்று. அப்படியென்றால் 1980களின் பிற்பகுதியில் அவர் வரிசையாக வரைந்த சாம்பல்நிற ஓவியங்களை எங்கே வைப்பது? அவற்றின் முன்னிலும் பார்ப்பவர்கள் அதே ஓய்வை உணர்வதாகச் சொல்கிறார்கள். விகிதமும் இடைவெளியும் செய்த வேலையை நிறத்தின் கணக்கில் எழுதிவிடும் சோம்பல் இது.

பார்ப்பவரிடம் நடப்பது

இனிப் பார்வையாளரின் பக்கம். 1971இல் கஷா லின்வில் என்ற விமர்சகர் ஆர்ட்ஃபோரம் இதழில் மார்ட்டினின் ஓவியங்களுக்கு மூன்று தொலைவுகள் உண்டு என்று எழுதினார். மிக அருகில் நின்றால் பொருள் தெரிகிறது: துணியின் நெசவு, பென்சிலின் கரி, கோட்டின் தடுமாற்றம். சற்றுப் பின்வாங்கினால் கோடுகள் கரைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடாத மூடுபனியாக மாறுகின்றன. இன்னும் விலகினால் மூடுபனி இறுகி, ஒளிபுகாத கற்சுவர்போல் ஓவியம் மூடிக்கொள்கிறது. கலை விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் இதை எடுத்துக்கொண்டு, மூடுபனி என்பது ஓவியத்தின் உள்ளடக்கமன்று, மற்ற இரு நிலைகளுக்கு நடுவில் நிற்பதால் மட்டுமே உண்டாகும் விளைவு என்று வாதிட்டார்.

என் பார்வையில் இந்த ஆய்வின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. நம் கண் கோட்டைக் கண்டால் அதைப் பின்தொடரும். வடிவத்தைக் கண்டால் பின்புலத்திலிருந்து பிரித்தெடுக்கும். மார்ட்டினின் பரப்பில் பின்தொடர ஒரு தனிக்கோடு இல்லை, பிரித்தெடுக்க ஒரு வடிவமும் இல்லை. எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே அளவு முக்கியம். பற்றிக்கொள்ள ஏதுமற்ற கவனம் முதலில் சலிப்படைகிறது. அந்தச் சலிப்பை அரைநிமிடம் பொறுத்தால், சிறு வேறுபாடுகள் தென்படத் தொடங்குகின்றன. அவற்றைத் தேடுவதில் கண் நிதானமாகிறது. அமைதி என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் இந்த நிதானத்தைத்தான். அது கித்தானிலிருந்து நம்மேல் பாயும் ஆற்றலன்று. பார்க்கும் வேலையை நாம் செய்யச் செய்ய நம்மிடம் உருவாவது. பொறுக்காமல் அடுத்த அறைக்குப் போகிறவருக்கு அது கிடைப்பதில்லை, அவரைக் குறைசொல்லவும் முடியாது.

'என் பிள்ளையும் இப்படிக் கோடு போடுவான்' என்ற எதிர்ப்பு அரூப ஓவியத்துக்கு என்றும் உள்ளது. பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஏஞ்சலினா ஹாலி டோலனும் எலன் வின்னரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பெயர்பெற்ற அரூப ஓவியர்களின் படைப்புகளையும் குழந்தைகள், குரங்குகள், யானைகள் போன்றவை தீட்டியவற்றையும் இணை இணையாகக் காட்டினார்கள். பெயர்ச்சீட்டு இல்லாமலும், தவறான சீட்டு ஒட்டியிருந்தும்கூட, பங்கேற்றவர்கள் தற்செயலுக்கு மேற்பட்ட விகிதத்தில் ஓவியர்களின் படைப்புகளையே சிறந்தவை என்று தேர்ந்தார்கள். அந்தப் படைப்புகளுக்குப் பின்னால் ஒரு திட்டமிட்ட மனம் இருப்பதை அவர்கள் உணர்ந்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். மார்ட்டினைப் பற்றிய ஆய்வன்று அது. ஆனாலும் முடிவெடுத்துப் போட்ட கோடு பார்ப்பவரிடம் வேறாகச் சேர்கிறது என்ற அளவில் இங்கே பொருந்தும்.

இரண்டு பக்கத்து நிகழ்வுகள்

மார்க் ராத்கோவை ஒப்பிடாமல் இருக்க முடியாது. துயரம், பரவசம், அழிவு போன்ற அடிப்படை மனித உணர்வுகளில் மட்டுமே தமக்கு அக்கறை என்றவர் அவர். ஹூஸ்டனில் உள்ள தொழுகைக் கூடத்துக்கு அவர் வரைந்த பதினான்கு பெரும் ஓவியங்கள் கறுப்பும் கருஞ்செந்நீலமுமாக இருக்கின்றன. கூடம் 1971இல் திறக்கப்படுவதற்கு முன்பே, 1970 பிப்ரவரியில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உடனே அந்த ஓவியங்கள் மரணத்தின் முன்னறிவிப்பாயின. ஆனால் அவற்றை அவர் வரைந்து முடித்தது 1967இல். அதன்பின் வெளிர்நிறங்களில் காகிதத்தில் வரைந்தவையும் உண்டு. நிறத்தை வெப்பமானிபோல் வைத்து மனத்தை அளக்கும் முறை ராத்கோவிடமும் செல்லுபடியாகாது.

நமக்கு அருகில் நஸ்ரீன் முகமதி இருக்கிறார். 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1990இல் மறைந்தவர். மையும் பென்சிலும் கொண்டு அவர் இழுத்த கோடுகளை மார்ட்டினோடு ஒப்பிடாத விமர்சகர் குறைவு. 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த பன்னிரண்டாவது டாக்குமெண்டா கலைக்காட்சியில் இருவரின் படைப்புகளும் இடம்பெற்றன. நஸ்ரீனைத் தாக்கியது நரம்பு நோய். கையசைவையே மெல்லமெல்லப் பறித்த நோய். அந்த ஆண்டுகளிலும் அவர் தாளில் கோடு பிசகவில்லை. மனநோயாளியிடம் கலங்காத பரப்பையும் நரம்பு நோயாளியிடம் நடுங்காத கோட்டையும் பார்க்கிறோம். நோய்க்கும் படைப்பின் தோற்றத்துக்கும் நேர்கோட்டு உறவு தேடுவது எவ்வளவு வீண் என்பதற்கு இந்த இணை போதும். மற்றபடி நஸ்ரீனின் மூலைவிட்டங்கள் பாய்கின்றன. மார்ட்டினின் கோடுகள் நிற்கின்றன. ஒப்பீடு அதற்கு மேல் பயன்படாது.

இறுதி ஆண்டுகள்

1977 முதல் நியூ மெக்சிகோவின் கலிஸ்டியோவிலும் 1993 முதல் டௌஸிலும் மார்ட்டின் வாழ்ந்தார். டௌஸில் முதியோர் குடியிருப்பில் இருந்துகொண்டு, காலையில் மூன்று மணி நேரம் பணிக்கூடத்தில் வேலை, பிறகு மதிய உணவு, மாலையில் துப்பறியும் நாவல் என்று நாள்கள் ஓடின. எண்பது வயதை எட்டியபோது ஆறடிக் கித்தானைத் தனியே தூக்கித் திருப்ப முடியாமல் போனதால், அளவை ஐந்தடியாகக் குறைத்தார். உதவியாளர் வைத்துக்கொண்டு பழைய அளவிலேயே தொடர்ந்திருக்கலாம். தம் உடலால் கையாள முடிகிற அளவே ஓவியத்தின் அளவு என்பது அவர் எடுத்த முடிவு. புகழ்மொழிகளை அடுக்கத் தேவையில்லை. வாழ்நாள் சாதனைக்காக வெனிஸ் ஈராண்டுக் கலைக்காட்சியின் தங்கச் சிங்க விருது 1997இல் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவர் மனம் ஓரளவு ஆறியது எதனால்? மருந்து, பேச்சு சிகிச்சை, தனிமை, அசையாத நாள்முறை, ஓவியம் விற்றதால் வந்த பணக்கவலையின்மை, அவரது போக்கை அறிந்து விலகியும் நெருங்கியும் நின்ற சில மனிதர்கள் என்று பட்டியல் நீளும். ஓவியமும் அதில் ஒன்று. எது எத்தனை பங்கு என்று பிரிக்க ஒற்றை நிகழ்வால் இயலாது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் பென்சிலும் அளவுகோலும் கொடுத்துக் கட்டம் போடச் சொன்னால் சரியாகும் என்று எவரேனும் இதிலிருந்து முடிவெடுத்தால் அது ஆபத்து; மருந்தை நிறுத்தச் சொன்னால் அதைவிடப் பெரிய ஆபத்து.

பிற்காலத் தலைப்புகள் சிலருக்குச் சங்கடம் தருகின்றன. டௌஸின் ஹார்வுட் அருங்காட்சியகத்தில் எண்கோண அறையொன்றில் உள்ள ஏழு ஓவியங்களின் பெயர்கள்: அழகிய வாழ்வு, அன்பு, நட்பு, நிறைவான நாள், சாதாரண மகிழ்ச்சி, களங்கமின்மை, விளையாட்டு. வாழ்த்து அட்டைச் சொற்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் அவற்றைத் தேர்ந்தவர் பெல்வியூவின் கட்டிலில் கிடந்தவர். மகிழ்ச்சியை இயல்பாகக் கைவரப்பெற்ற ஒருவர் அதற்கு இத்தனை கவனமாகப் பெயரிட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அதோடு, 2003இல் வரைந்த 'வாழ்வுக்கு வணக்கம்' என்ற ஓவியத்தில் சாம்பல் பரப்பின் நடுவே கறுத்த சரிவகம் ஒன்று கனத்துக் கிடக்கிறது. பல பதிற்றாண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்த தனி வடிவத்தைத் தொண்ணூற்றொரு வயதில் மீண்டும் உள்ளே அழைத்தார். இனிமையையே எதிர்பார்த்து வருகிறவரை அது தடுமாற வைக்கும். 2004 டிசம்பர் 16 அன்று டௌஸில் அவர் காலமானார்.

இந்த ஓவியங்களை மதிப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இவை புகைப்படத்தில் விழுவதில்லை. அச்சிலும் கைப்பேசித் திரையிலும் பென்சில் கோடு மறைந்துபோகிறது, இல்லாவிட்டால் அலைபோன்ற பொய்க்கோலம் காட்டுகிறது. மூன்று தொலைவுகளும் ஒரே தொலைவாகச் சுருங்கிவிடுகின்றன. திரையில் பார்த்து 'மனம் லேசானது' என்று சொல்வதையும் 'இதில் ஒன்றுமில்லை' என்று சொல்வதையும் இந்த நிகழ்வுக்குச் சான்றாக ஏற்க முடியாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், அந்நகருக்கு வடக்கே பீக்கனில் உள்ள டியா கூடம், சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம், டௌஸின் ஹார்வுட் ஆகியவற்றில் நேரில் பார்க்கலாம். அப்படி வாய்ப்புக் கிடைப்பவர்கள் சுவரிலுள்ள விளக்கக் குறிப்பைக் கடைசியில் படிப்பதும், காவலர் அனுமதிக்கும் அளவு அருகிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகர்வதும் நல்லது.